ஜெயபாயின் கையெழுத்து

12.11.2024, செவ்வாய். காலை 5.40.
நேற்றுத்தான் உறைத்த தவறு, சின்னதுதான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தில், வகுப்பில் தந்த மாதிரியைப் பார்த்து ‘சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகுகிறேன்’ என்று எழுதிவிட்டேன். அப்பாவுக்குக் காரணம் அம்மா. அதை எழுதியிருந்தால் கடிதம் இவ்வளவு வறட்சியாக இருந்திருக்காது. அடுத்த முறை மாதிரியைப் பார்க்காமல் எழுத வேண்டும். (அடுத்த முறை என்று ஒன்று வருமா? ஒருவர் எத்தனை தடவை வேலையை விடுவார்?)

விஜி பேனாவை மூடினாள். அடைப்புக்குறிக்குள் எழுதியது தேவைதானா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். அடிக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் தினம் ஒரு தவறை நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று மாலை வகுப்பின் முதல் நாளில் குருசாமி சார் சொல்லியிருந்தார். முப்பது பேர் தலையாட்டினார்கள். நம்பிப்போய் நோட்டு வாங்கியது விஜி ஒருத்திதான். பகலில் பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங் பிரிவு, சாயங்காலம் கம்ப்யூட்டரும் கடிதப் போக்குவரத்தும் சொல்லித்தரும் வகுப்பு, விடியற்காலையில் இந்த நோட்டு. இருபத்துமூன்று வயதில் அவள் வாழ்க்கை இப்படிக் கோடு போட்டு ஓடிக்கொண்டிருந்தது.

நான்கு நாட்களாகத்தான் அந்தக் கோட்டில் ஒரு வளைவு. வீட்டுக்குள் ஒரு ரகசியம் வந்து குடியேறியிருந்தது.

தவசிமுத்து, விஜியின் அப்பா, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்தொரு வருடமாக ரிங் ஃப்ரேம் என்னும் நூற்பு இயந்திரத்தில் இருப்பவர். கடைசி ஒன்பது வருடமும் இரவு ஷிப்ட். ஜெயபாய், விஜியின் அம்மா, ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல்கட்டுப் பொறுப்பு. வாரத்தில் ஆறு நாள் அங்கேயே தங்கல். ஞாயிறு காலை கோயில் முடிந்து ராஜபாளையம் வருவாள். அப்போது இவர் ராத்திரி வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். இரண்டு மணிக்கு எழுவார். ஐந்து மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பிவிடுவாள். கணவனும் மனைவியும் வாரத்தில் மூன்று மணி நேரம்.

அந்தக் கணக்கு அவருக்குச் சலித்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மில்லை விடப்போவதாகச் சொன்னார். விடுதிக்கு நாலு வீடு தள்ளி ஒரு சின்ன வீடு பேசியாகிவிட்டது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து அது அவர்கள் வீடு. ஜெயபாய்க்கு மட்டும் தெரியக் கூடாது. விஜி எழுதிய கடிதத்தை நேற்றுக் காலை மில்லில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் கொடுத்தும் விட்டார்.

ஆறரைக்கு அவர் வந்தார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“ஏட்டி, முழிச்சிட்டியா? காப்பி இருக்கா?”

“இருக்கு. அப்பா, அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிருவமா?”

“நீ சொன்னா ஒன் நோட்டக் கிழிச்சுப்போடுவேன்.” சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கினார். “டிசம்பர் ரெண்டாந்தேதி திங்கக்கெழம. சாயங்காலம் ஆறு மணிக்கு அவ ஹாஸ்டல் கேட்டப் பூட்ட வருவால்லா? நான் வெளிய நிப்பேன். திங்கக்கெழம நான் வந்து நிப்பேன்னு அவ கனவுலயும் நெனைக்க மாட்டா.”

“நின்னு?”

“நின்னு என்ன? வாட்டி வீட்டுக்குப் போவோம்னு சொல்லுவேன். அம்புட்டுதான்.”

ஐம்பத்தாறு வயதை நெருங்கிப் பிடித்து அதையும் தாண்டிவிட்ட மனிதர், அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கப் போனார்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விஜி கம்பெனியில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, தொழிலாளர் காப்பீட்டு மருந்தகமான ஈ.எஸ்.ஐ.க்குப் போவாள். நான்கு வருடத்துக்கு முன் ஜெயபாய்க்கு இதயத்தில் ஒரு வால்வு மாற்றினார்கள். அப்பாவின் ஈ.எஸ்.ஐ. கார்டில்தான் மதுரை ஆபரேஷன் நடந்தது. இரத்தம் உறையாமல் இருக்க அவள் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அதுவும் அந்தக் கார்டில்தான். இன்னொரு வால்வும் கொஞ்சம் இறுகியிருக்கிறது, ஒரு வருடம் போகட்டும், பார்க்கலாம் என்று மதுரை டாக்டர் செப்டம்பரில் சொன்னதாக அம்மா சொல்லியிருந்தாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மருந்து தரும் ஜன்னலில் சந்தனம் அக்கா.

“வா விஜி. என்ன, உங்கப்பாவும் வி.ஆர்.எஸ். லிஸ்ட்டுல இருக்காவளா? மில்லுல முப்பது பேரு போறாவளாமே, புது மெஷினு வருதுன்னு.”

“வி.ஆர்.எஸ். இல்லக்கா. அப்பாவா லெட்டர் குடுத்துட்டாவ. நான்தான் எழுதுனேன்.” கடைசி வார்த்தையில் கொஞ்சம் பெருமை இருந்தது.

சந்தனம் அக்கா மாத்திரை அட்டையை எண்ணுவதை நிறுத்தினாள்.

“ராஜினாமாவா?”

“ஆமாக்கா. ஏன், கார்டு உடனே நின்னுருமா?”

“உடனே நிக்காது. இதுவரைக்கும் பிடிச்ச சந்தாவுக்கு, வார ஜூன் கடைசி வரைக்கும் ஓடும்.”

விஜி மூச்சு விட்டாள். “அதுக்குப் பொறவு?”

“அதுக்குப் பொறவு ஒண்ணும் கெடையாது.”

பின்னால் நின்றிருந்த பெரியவர் சீட்டை நீட்டினார். சந்தனம் அக்கா அவரை ஒரு கையால் நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இங்க பாரு. அம்பத்தெட்டு முடிஞ்சு ரிட்டயர்டாகிப் போனாலும் சரி, கம்பெனி குடுக்கிற இந்த வி.ஆர்.எஸ். விருப்ப ஓய்வுல போனாலும் சரி, அஞ்சு வருசத்துக்கு மேல கார்டு இருந்தவுகளுக்கு ஒரு வசதி உண்டு. வருசத்துக்கு நூத்தி இருவது ரூவா கட்டினாப் போதும். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் கார்டு ஓடிக்கிட்டே இருக்கும். அவுகளா எழுதிக் குடுத்துட்டுப் போனா அது கெடையாது விஜி. ஒன் கம்பெனி கார்டுலயும் சேக்க முடியாது, உங்கம்மா சம்பளம் வாங்குதாவல்லா. உங்கம்மாவுக்கு வெளிய எவன் புதுசா இன்சூரன்ஸ் போடுவான்? வால்வு மாத்துன ஆளுன்னு சொன்னதும் கும்பிடு போட்டுருவான்.”

விஜி மாத்திரைகளை வாங்கிப் பையில் வைத்தாள். மூன்று தடவை எண்ணி, மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்தது.

சொந்தக் காரணங்களால். அழகான கையெழுத்து. ஓரம் விட்டு, தேதி போட்டு, ‘இப்படிக்கு’வுக்குப் பின்னால் கமா வைத்து. வகுப்பில் பத்துக்குப் பத்து வாங்கிய மாதிரிக் கடிதம்.

கம்பெனிக்குப் போனில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மில்லுக்குப் போனாள். தவசிமுத்து மகள் என்றதும் வாட்ச்மேன் உள்ளே விட்டார். டைம் ஆபீசில் வேல்சாமி மாமா தலை நிமிர்ந்தார். அப்பாவோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர். முழங்கால் போன பிறகு மேசைக்கு வந்தவர்.

“வா தாயி! ஒன் லெட்டர நான் ரெண்டு பேருக்குக் காட்டிட்டேன். என்ன கையெழுத்து! முத்து முத்தா... இந்த ஆபீசுல எவனுக்கும் இப்படி வராது.”

“மாமா, அந்த லெட்டர் எங்க இருக்கு?”

“இந்தா, ட்ரேயில. மேனேஜர் கோயம்புத்தூர் போயிருக்காரு. நாளைக்கு மத்தியானம் வருவாரு. வந்து கையெழுத்துப் போட்டா முடிஞ்சது.”

“அதத் திருப்பித் தாங்க மாமா.”

வேல்சாமி கண்ணாடியைக் கழற்றினார். விஜி சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

“அடப்பாவி மனுசா,” என்றார் ட்ரேயைப் பார்த்து, தவசிமுத்து அதற்குள் படுத்திருப்பதுபோல. “போன மாசமே வி.ஆர்.எஸ். ஃபாரம் வாங்கிட்டுப் போனாரு தாயி. மறுநாளே திருப்பிக் குடுத்துட்டாரு. ‘இதுல பொண்டாட்டி கையெழுத்துப் போடணும், ரெண்டு பேரும் சேந்த போட்டா ஒட்டணும்னு இருக்கு, அது சரிப்படாது’ன்னாரு. நான் என்னமோ ஏதோன்னு நெனச்சிட்டேன். குடும்ப விசயம், வாயத் தொறக்கப்படாதுன்னு இருந்துட்டேன்.”

விஜிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டால் ரகசியம் போய்விடும். கேட்டுக்கு வெளியே நிற்கும் அந்தத் திங்கட்கிழமை போய்விடும். அந்த ஒரு சாயங்காலத்துக்காக அப்பா படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகளிடம் வெள்ளைத் தாளை நீட்டியிருக்கிறார்.

“இப்ப என்ன செய்யலாம் மாமா?”

“ஒன் கையில லெட்டரத் தர முடியாது. உங்கப்பா வந்து, தன் கைப்பட வாபஸ்னு எழுதிக் குடுக்கணும். மேனேஜர் வாரதுக்கு முந்தி. அது ஒண்ணு. வாபஸ் வாங்கிட்டா அம்பத்தெட்டு வரைக்கும் ஓட்டலாம், இன்னும் பதினாறு மாசம். இல்ல, இப்பவே போகணும்னா இந்தா ஃபாரம். போட்டா, உங்கம்மா கையெழுத்து, எல்லாம் நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இந்த மேசையில இருக்கணும். அஞ்சு அஞ்சுக்கு வந்தா நானே நெனச்சாலும் வாங்க முடியாது.”

ஒன்பது வருடமாக அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. காலை எட்டிலிருந்து இரண்டு வரை அப்பாவை எழுப்பக் கூடாது. குக்கர் விசில் வந்தால்கூட விஜி ஓடிப்போய் அணைப்பாள்.

இப்போது மணி பதினொன்றரை. கண்களின்மேல் துண்டு போட்டுக்கொண்டு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்புவதா, இரண்டு மணி வரை பொறுப்பதா? பொறுத்தால் தூக்கம் மிஞ்சும், பொழுது போய்விடும். மூன்று தடவை கை நீட்டி இழுத்துக்கொண்டாள். நாலாவது தடவை தொட்டாள்.

“அப்பா.”

“சங்கு ஊதிட்டானா?” என்று அடித்துப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

அவள் சொல்லி முடிக்கும்வரை துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: “ஜூன் வரைக்கும்தானா?”

“ஜூன் வரைக்கும்தான். தப்பு என் பேருலதான்பா. நான் விசாரிச்சிட்டு எழுதியிருக்கணும்.”

“நீ என்னத்த விசாரிப்ப. எழுதுன்னேன், எழுதுன.” துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். “அப்ப வாபஸ் வாங்கிருவோம். பதினாறு மாசம்தான? ஒம்போது வருசம் ஓடலையா? அதுவும் ஓடிரும்.”

ஓடிரும் என்று சொன்ன வாய்தான். ஆனால் கண் சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குப் போனது. டிசம்பர் தாளை முன்னதாகவே புரட்டிப் பார்த்திருக்கிறார் என்பது அதன் மடிப்பிலிருந்தே விஜிக்குத் தெரிந்தது.

“அம்மாகிட்ட கேட்டுரலாம்பா. இன்னைக்கே. கையெழுத்துப் போட்டாவன்னா வாபஸும் வாங்கி ஃபாரமும் குடுத்துரலாம். ஒண்ணும் கெட்டுப்போகல.”

“கேட்டா பொறவு என்ன இருக்கு?” என்றார் அவர், சின்னப் பையன்போல. மறுபடி துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்தவர், நாலு மணிக்கு அவரே எழுந்து சட்டையைத் தேடினார். தலையை மூன்று தடவை சீவினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார் தவசிமுத்து. மழை விட்டு, மேற்கே மலை கழுவி வைத்ததுபோல் நின்றது. வார நாளில், பகல் வெளிச்சத்தில் அந்த ரோட்டைப் பார்த்து அவருக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இது எப்ப கட்டுனாங்க, அது என்ன கடை என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டே வந்தார். கண்டக்டர் இறங்கச் சொன்னபோது ஆச்சரியத்தோடு திரும்பினார்.

“அதுக்குள்ள வந்துட்டா?”

“பன்னெண்டு கிலோமீட்டர்தானப்பா.”

“எம்புட்டுக் கிட்டக்க இருந்திருக்கு, பாரு,” என்றார்.

விடுதிச் சமையல்கட்டில் அறுபத்திரண்டு பிள்ளைகளுக்கு ராத்திரிச் சாப்பாட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. ஜெயபாய் சட்னிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு இருக்கும் ஜெபா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழவும் ஜெயபாய் நிமிர்ந்தாள். கணவன். பின்னால் மகள். செவ்வாய்க்கிழமை.

அவள் கை நெஞ்சுக்குப் போனது. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“யாருக்கு என்ன?”

“ஒண்ணுமில்லட்டி... சும்மாதான் வந்தேன்,” என்று தடுமாறினார் தவசிமுத்து.

“சும்மாவா? கல்யாணம் முடிஞ்ச நாள்லருந்து நீங்க சும்மா எங்கனயாச்சும் வந்திருக்கியளா? மறைக்காமச் சொல்லுங்க, ஆரு போயிட்டா?”

“ஆரும் போகல.”

மற்றதை விஜிதான் சொன்னாள். கடிதம், அப்பா திருப்பிக் கொடுத்த படிவம், கார்டு, ஜூன், நாளை ஐந்து மணி, எதையும் விடாமல் வரிசையாக. கடிதத்தை எழுதியது தான் என்பதை இரண்டு தடவை சொன்னாள். ஜெயபாய் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். ‘மனைவியின் கையொப்பம்’ என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

“போன மாசமே இது உங்க கைல இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எங்கிட்ட குடுத்தா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?”

தவசிமுத்து தரையைப் பார்த்தார். “இல்ல... நீ சாயங்காலம் கேட்டப் பூட்ட வருவேல்லா. அப்ப நான் வெளிய நிக்கணும்னு... உனக்குத் தெரியாம...”

ஜெபா வெங்காயத்தைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “யக்கா, அண்ணாச்சி சினிமாக்காரவுகள விஞ்சிட்டாவளே!”

“நீ வெங்காயத்தப் பாருட்டி.” அதட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைக் குறைத்தாள். “மொதல்ல சாப்பிடுங்க. பொறவு பேசுவோம். பட்டினியாத்தான வந்திருப்பீய.”

இட்லி வைத்தாள். சட்னி ஊற்றினாள். ஐந்தரை மணி வெளிச்சம் சமையல்கட்டு ஜன்னல் வழியாக உள்ளே சாய்ந்து கிடந்தது. அவர் ஒரு விள்ளல் பிட்டுவிட்டுக் கையை நிறுத்தினார்.

“நீயும் வையி.”

“பிள்ளைகளுக்கு வைக்காம நான்...”

“வையின்னா.”

ஜெயபாய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவர் தட்டில் சட்னி தீர்ந்ததைப் பார்த்துத் தன் தட்டிலிருந்து தள்ளினாள். அவர் சாப்பிடும் வேகம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. இரண்டாவது இட்லி முடிந்தால் எழுந்திருக்க வேண்டும் என்பதால்தான் என்று விஜிக்குப் பட்டது. அவள் வேறு பக்கம் திரும்பி, அடுக்கிவைத்திருந்த தட்டுகளை எண்ண ஆரம்பித்தாள்.

கை கழுவும் குழாயடியில் அம்மாவும் மகளும் தனியாக நின்றார்கள். முற்றத்தில் தவசிமுத்து கேட்டைத் திறப்பதும் சாத்துவதுமாக, கீல் எண்ணெய் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையெழுத்தப் போடுங்கம்மா. பேனா இருக்கு.”

“இன்னைக்குப் போட மாட்டேன்.”

“நாளைக்கு அஞ்சு மணிக்குக் கடைசிம்மா.”

“தெரியுது. படிச்சேன்லா.” ஜெயபாய் குழாயை மூடினாள். சொட்டு நிற்கும்வரை அதையே பார்த்தாள். “விஜி, அன்னைக்கு மதுரையில நீ மருந்து வாங்கப் போயிருந்த. டாக்டர் ஒரு வருசம் போகட்டும்னு சொல்லல. நான்தான் உங்ககிட்ட ஒரு வருசம்னு சொன்னேன்.”

“பின்ன என்ன சொன்னாரு?”

“பொங்கலுக்குள்ள அந்த வால்வுக்கும் ஆபரேஷன் பண்ணிரணும்னாரு. ரெண்டாந்தடவ நெஞ்சத் தொறக்கிறது மொதத் தடவ மாதிரி இருக்காதுன்னும் சொன்னாரு.”

“ஏம்மா மறைச்சிய?”

“சொன்னா அன்னைக்கே உங்கப்பா மில்ல விட்டுட்டு எங்கால்மாட்டுல வந்து உக்காந்துருவாவ. இப்ப அதத்தான செஞ்சிருக்காவ, தெரியாமலே.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “எனக்காக மில்ல விட்டுட்டு, நானும் எந்திரிக்காமப் போயிட்டேன்னு வையி. பொறவு அவிய எங்கிட்டுப் போவாவ? மில்லுன்னா நாலு ஆளு இருக்கு, சத்தம் இருக்கு, சங்கு ஊதுனா போறதுக்கு ஒரு எடம் இருக்கு. ரெண்டையும் ஒரே வருசத்துல எப்படிட்டி அவியகிட்டருந்து புடுங்க?”

விஜி கேட்டாள்: “உங்களுக்கு எப்படிம்மா இருக்கு? அப்பா வந்து கூட இருக்கணும்னு இல்லையா?”

ஜெயபாய் முற்றத்தைப் பார்த்தாள். கீலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்தாள்.

“ஒம்போது வருசமா ஆறு மணிக்கு அந்தக் கேட்ட நாந்தான பூட்டுதேன்,” என்றாள். “பூட்டும்போது வெளிய ஒருக்கப் பாக்காமப் பூட்டுனதில்ல. யாரும் வர மாட்டாவன்னு தெரியும். இருந்தாலும் பாப்பேன்.”

படிவத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

“இது எங்கிட்ட இருக்கட்டும். நாளைக்குப் பத்தரை பஸ்ஸுல வாரேன். வந்துட்டேன்னா நேரா போட்டா ஸ்டூடியோ. அங்கனயே கையெழுத்துப் போடுதேன்.”

“வரலைன்னா?”

“வரலைன்னா லெட்டர வாபஸ் வாங்க வச்சிரு. பதினாறு மாசம் வேல பாக்கட்டும். அதுக்குள்ள என்னோடது நல்லபடியாவோ கெட்டபடியாவோ முடிஞ்சிருக்கும்.” மகளின் கன்னத்தை ஈரக்கையால் தொட்டாள். “அவியகிட்ட மூச்சு விடாத. ஒன் நோட்டுலயும் எழுதாத.”

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. மணி ஆறேகால். வகுப்பு ஆரம்பித்திருக்கும். இரண்டு வருடத்தில் விஜி வகுப்புக்குப் போகாத முதல் நாள்.

“என்ன சொன்னா?” என்று ஐந்தாவது தடவையாகக் கேட்டார் தவசிமுத்து.

“பத்தரை பஸ்ஸுல வாரேன்னாவ.”

“வாரேன்னா வந்துருவா. அவ பேச்சு மாற மாட்டா.” முன் சீட்டுக் கம்பியில் தாளம் போட்டார். “கோவம் இருக்கும். இருக்கட்டும். கேட்டுல நிக்கிறது போச்சுன்னா போகுது. அதுக்கு முந்தி கூட உக்காந்து சாப்பிட்டாச்சு.” கொஞ்ச தூரம் போன பிறகு சட்டென்று திரும்பினார். “ஏட்டி, கல்யாணத்துக்குப் பொறவு நாங்க ரெண்டு பேரும் சேந்து போட்டா எடுத்ததே இல்ல. எந்தச் சட்டை போட? நீலமா, வெள்ளையா?”

விஜி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே எதுவும் தெரியவில்லை. கண்ணாடியில் அப்பாவின் முகம்தான் தெரிந்தது, பதிலுக்குக் காத்திருந்தது.

“நீலம்,” என்றாள்.

அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். பத்து மணி ஷிப்ட்டுக்கு முன் செத்த நேரம் தூங்கலாம் என்று கண்ணை மூடினார்.

நோட்டை மடியில் விரித்தாள் விஜி. பஸ் குலுங்கியது. இன்றைய தவறு என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. அம்மா எழுதாதே என்றதை எழுதாமல் விட்டால் நோட்டு பொய் சொல்லும். எழுதினால் அம்மாவிடம் விஜி பொய்யாகிவிடுவாள். அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு, அதற்குக் கீழே எழுதினாள்.

நாளை, 13.11.2024, புதன்.
கம்பெனிக்கு முழு நாள் லீவு சொல்ல வேண்டும். எட்டரைக்கு அப்பாவை டைம் ஆபீசுக்கு அழைத்துப் போய், மேனேஜர் வருமுன் கடிதத்தை வாபஸ் வாங்க வைக்க வேண்டும். அம்மா வந்தாலும் வராவிட்டாலும் இது நடக்க வேண்டும். பத்தேகாலுக்குப் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். பத்தரை பஸ்ஸில் அம்மா இல்லை என்றால் அடுத்த பஸ் வரை நிற்க வேண்டும். அதற்கடுத்த பஸ்ஸுக்கும்.
அதற்கெல்லாம் முன்னால், விடிந்ததும், நீலச் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும்.